ஈயம் உருகிய ஊர்: ரவாங் வட்டாரத்தில் திடம், திரவம், வாயு



பொருள்கள் திடம், திரவம், வாயு என மூன்று நிலைகளில் இருக்கின்றன என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். ஐஸ் கட்டி, தண்ணீர், நீராவி என்று மூன்று படம் போட்டு, இடையே அம்புக்குறி இட்டு, சோதனைத் தாளில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம். அதோடு சரி, புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறோம். ஆனால் நம்முடைய ரவாங் வட்டாரத்தின் கதையைப் புரட்டிப் பார்த்தால் அந்த அம்புக்குறிகள்தான் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. கல் உருகிய இடத்தில் ஊர் எழுந்தது. தண்ணீர் ஆவியானதால் ரயில் வந்தது. பால் கட்டியானதால் நம் பாட்டனும் பாட்டியும் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஆகவே இதைச் சரித்திரப் பாடமாகவும் படிக்கலாம், அறிவியல் பாடமாகவும் படிக்கலாம்.

முதலில் ஈயத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் புத்தகத்தில் வெள்ளீயம் என்று இருக்கும். நம்மவர் வாயில் அது ஈயம்தான்.

ரவாங்குக்குக் கிழக்கே தெரியும் மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. ஏறக்குறைய இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கல் பூமிக்கு அடியில் குழம்பாக இருந்தது. குழம்பு மெல்ல மெல்ல ஆறி இறுகியபோது, அதிலிருந்து பிரிந்த சூடான நீரும் ஆவியும் பாறை இடுக்குகளில் புகுந்தன. அங்கே குளிர்ந்து ஈயக் கனிமத்தைப் படியவிட்டன. பிறகு எத்தனையோ லட்சம் ஆண்டுகள் மழை பெய்து, பாறை உளுத்து, கனிமம் மணலோடு மணலாக ஆற்றுப் பள்ளங்களில் வந்து தங்கியது. மனிதன் கைவைக்கும் முன்பே நம்மூர் ஈயம் மூன்று நிலைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டது எனலாம்.

அந்த ஈயமணல் பார்வைக்குக் கறுப்பாக, சாதாரண மணல் போலத்தான் இருக்கும். கையில் எடுத்தால்தான் தெரியும், கனம்! தண்ணீரைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு எடை. ஓடும் நீரில் மண்ணைக் கரைத்துவிட்டால் லேசான மணல் அடித்துக்கொண்டு போய்விடும், ஈயமணல் அடியில் தங்கிவிடும். உயரமான மரப் பலகைச் சாரங்களின் மீது நீரை ஓடவிட்டுப் பிரித்த 'பாலோங்' முறைக்கும், பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மரத்தட்டைச் சுழற்றிச் சலித்த 'டூலாங்' முறைக்கும் அடிப்படை இந்தக் கனம் ஒன்றே.

சலித்து எடுத்தது இன்னும் ஈயம் அல்ல. அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 79 பங்கு ஈயம். மீதி 21 பங்கு பிராணவாயு. நாம் மூச்சில் இழுக்கிற அதே வாயு அங்கே கல்லுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரிக்க என்ன வழி? களிமண் உலையில் மரக்கரியையும் ஈயமணலையும் அடுக்கடுக்காகப் போட்டு, துருத்தியால் ஊதுவார்கள். கரி அந்தப் பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டு புகையாக வெளியேறும். ஈயம் தனித்து, உருகி, வெள்ளிக் குழம்பாக அடிவாசலில் ஒழுகும். அதை மணலில் செய்த அச்சுக்குள் விட்டால் ஆறிக் கட்டியாகும்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலைக்குள் நடப்பது ஒன்றல்ல, இரண்டு. கரி பிராணவாயுவைப் பறித்துக்கொள்வது வேதியியல் மாற்றம். அது முடிந்த பிறகு பழைய கறுப்பு மணல் திரும்பி வராது. ஈயம் உருகுவதும் இறுகுவதும் வெறும் நிலை மாற்றம். எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆறவிடலாம், ஈயம் ஈயமாகவே இருக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஈயம் உருகுவதற்குப் பெரிய சூடு தேவையில்லை. 232 டிகிரி செல்சியஸ் போதும். செம்புக்கு 1,085 டிகிரி, இரும்புக்கு 1,538 டிகிரி வேண்டும். அடுப்பு நெருப்பே ஈயத்தை உருக்கிவிடும். இது நம் வீட்டு அம்மாக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில், குறிப்பாகத் தஞ்சாவூர்ப் பக்கம், ஈயச் சொம்பில் ரசம் வைப்பது நெடுநாள் வழக்கம். அந்த மணம் வேறெந்தப் பாத்திரத்திலும் வராது என்பார்கள். புதிதாக வந்த மருமகளுக்கு மாமியார் முதலில் சொல்லும் பாடம், "தண்ணி ஊத்தாம சொம்ப அடுப்புல வச்சிடாதே, உருகிப் போயிரும்!" என்பதுதான்.

அது சரி, தண்ணீர் ஊற்றினால் மட்டும் ஏன் உருகுவதில்லை? அடுப்பின் தீயோ ஈயத்தை உருக்கும் சூட்டைவிடப் பன்மடங்கு அதிகம். விடை தண்ணீரில் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கொதிக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு விறகைத் தள்ளினாலும் அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. வருகிற வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக மாற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பின் உலோகம் அதை ஒட்டியே நிற்கும். 232 டிகிரிக்கு ஏறவே முடியாது. தண்ணீர் வற்றினாலும் போச்சு. தீ நீர்மட்டத்துக்கு மேலே ஏறிச் சொம்பின் கழுத்தை நக்கினாலும் போச்சு! ஒரு பொருள் நிலை மாறும்போது சூட்டை விழுங்கிக்கொண்டு தன் வெப்பநிலையை மாற்றாமல் நிற்கும் இந்தக் குணத்தை உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் 1760களில் இதை அளந்து காட்டினார். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வேண்டும். ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக 540 கலோரி வேண்டும். இட்டிலிப் பானை ஆவி கையில் பட்டால் கொதிதண்ணீரைவிட மோசமாகப் பொசுக்கிவிடுவதும் இதனால்தான். ஆவி நீராகும்போது, விழுங்கி வைத்திருந்த அத்தனை வெப்பத்தையும் நம் தோலின்மீது கக்கிவிடுகிறது.

பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுவதும் இதே ஈயம்தான். பாத்திரத்தைச் சூடாக்கி, ஈயத்தை வைத்துத் தேய்த்தால் உருகிப் பரவி, ஆறியதும் வெள்ளிப் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். கலாய் என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. அரபு வணிகர்கள் ஈயத்துக்கு இட்ட பெயரிலிருந்து அது வந்தது. அந்தப் பெயரோ மலாய்த் தீபகற்பத்தில் இருந்த 'கலா' என்ற பழந்துறைமுகத்தின் பெயரை ஒட்டியது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். இராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடற்படை அனுப்பிய கடாரமும் இந்தக் கரையில்தான் இருந்தது. நம் ஊர்ப் பாத்திரக்காரர் "கலாய் பூசலியோ, கலாய்!" என்று கூவியபோது, இந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயரைத்தான் கூவினார் போலும்.

இனித் தண்ணீருக்கு வருவோம்.

ஈயம் தோண்டுகிறவர்களுக்குப் பெரிய எதிரி தண்ணீர். குழி ஆழமாக ஆக, ஊற்று சுரக்கும். மழை பெய்தால் ஒரே இரவில் குழி குளமாகிவிடும். சீனத் தொழிலாளர்கள் மரச்சக்கரத்தில் பலகைச் சங்கிலி கோத்து நீரை மேலே ஏற்றினார்கள். ஓரளவு ஆழத்துக்கு மேல் அது பலிக்காது. கீழே நல்ல ஈயம் இருக்கிறது என்று தெரிந்தும் குழியைக் கைவிட்டுப் போவார்கள்.

இதே தொல்லை இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் இருந்தது. அதற்கு மருந்தாகத்தான் 1712ஆம் ஆண்டில் தாமஸ் நியூகோமன் நீராவி இயந்திரம் செய்தார். அது வேலை செய்த விதம் வேடிக்கையானது. ஆவி தள்ளித்தான் இயந்திரம் ஓடுகிறது என்று நாம் நினைக்கிறோம். அவருடைய இயந்திரத்தில் வேலை செய்தது ஆவி அல்ல, ஆவி மறைந்த வெற்றிடம்! தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பெரிய உருளைக்குள் ஆவியை நிரப்பி, அதன்மேல் குளிர்ந்த நீரைப் பீச்சினால் அவ்வளவு ஆவியும் சட்டென்று ஒரு கை நீராகச் சுருங்கிவிடும். உள்ளே வெற்றிடம். வெளியே இருக்கும் காற்று மண்டலம் முழு பலத்தோடு அழுத்தி உந்துத்தண்டைக் கீழே தள்ளும்; மறுமுனையில் தண்ணீர் மேலே வரும். வாயு திரவமாகும் அந்த ஒரு கணம்தான் சுரங்கத்து நீரை இறைத்தது.

ஆனால் ஒவ்வொரு தடவையும் உருளையைச் சுடவைத்து, மறுபடி குளிரவைத்ததால் கரி மலைமலையாகத் தீர்ந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுதுபார்த்துவந்த ஜேம்ஸ் வாட் இதைக் கவனித்தார். ஜோசப் பிளாக் அவருக்கு நண்பர். ஆவியை வேறொரு பாத்திரத்துக்குக் கொண்டுபோய்க் குளிரவைத்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. 1769இல் அதற்கு உரிமை பெற்றார். தொழிற்புரட்சி என்று நாம் படிப்பதற்கெல்லாம் அடியில் கிடப்பது இந்த ஒரு யோசனை.

மலாயாவுக்கு அந்த ஆவி வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1877இல் பேராக்கின் லாருட் சுரங்கங்களில் நீராவிப் பம்பு முதன்முதலாக இறங்கியது. பிறகு சிலாங்கூரிலும் பரவியது. கைவிடப்பட்ட குழிகள் மீண்டும் உயிர் பெற்றன. ஆனால் நீராவிப் பம்புக்கும் ஒரு குறை உண்டு. கொதிகலன் பம்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதற்கு விறகு வெட்டி ஓயாது. காடு மொட்டையாகும். ஏற்கெனவே ஈய உலைகளுக்கு மரக்கரி சுட்டே காடு பாதி அழிந்துகொண்டிருந்த காலம் அது.

இந்த இடத்தில்தான் ரவாங்குக்கு ஒரு பெருமை வந்தது. சீனப் பெருவணிகர் லோக் யூவும் நம்மவரான கே. தம்புசாமிப் பிள்ளையும் கூட்டாக இங்கே ஈயச் சுரங்கம் நடத்தினார்கள். 1894ஆம் ஆண்டு அவர்கள் தங்கள் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவி, மின்சாரப் பம்பை ஓட்டினார்கள். இந்த நாட்டின் மின்சாரச் சரித்திரம் அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த ஆண்டுதான் கோலாலம்பூர் ரயில் நிலையத்திலேயே மின்விளக்கு எரிந்தது. தலைநகரத்துக்கு முன்னால் ரவாங்! கம்பி வழியாகச் சக்தி போகும்போது ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் ஒரு கொதிகலன் வைத்து விறகு திணிக்க வேண்டியதில்லை அல்லவா?

தம்புசாமிப் பிள்ளையைப் பற்றி நம் பிள்ளைகள் பத்துமலையோடு சேர்த்துத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே முருகனுக்குக் கோயில் அமைய முன்னின்றவர் அவர்; 1892 முதல் தைப்பூசம் நடந்து வருகிறது. சிங்கப்பூரில் 1850இல் பிறந்து, 1875இல் சிலாங்கூருக்கு வந்து, அரசாங்கக் கருவூலத்தில் பணிபுரிந்து, பிறகு வணிகத்தில் இறங்கி, 1893இல் விக்டோரியா கல்விக்கூடத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவராக இருந்தார். 1902இல் காலமானார். வேல் வைத்தவர் என்று நினைவில் வைத்திருக்கிறோம், நல்லது. மின்சாரம் வைத்தவர் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம். என் எண்ணத்தில் இரண்டாவதை நாம் போதிய அளவு சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சரித்திரத்தில் முதலாளிமார் இருவர் பெயரும் நிலைத்துவிட்டது. குழிக்குள் சேற்றில் நின்றவர்கள் பெரும்பாலும் சீனக் கூலிகள். உலை வாசலில் அனல் காய்ந்தவர்களும் அவர்களே. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் பெரிதாக இல்லை. நம் தமிழர்கள் வந்து சேர்ந்தது வேறு வாசல் வழியாக: ரயில் பாதை, சாலை, பிறகு ரப்பர்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவரை 1886 செப்டம்பரில் ரயில் ஓடியது. 1892இல் தண்டவாளம் ரவாங்கை எட்டியது. ஈயக் கட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிச் சேற்றில் தள்ளிக்கொண்டு போன காலம் முடிந்தது. பாதை போட்டவர்களிலும், கட்டை மாற்றியவர்களிலும், கொதிகலன் வாயில் விறகும் கரியும் அள்ளி வீசியவர்களிலும் தமிழர் நிறைய. நிலைய அதிபர், கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத்தவர் இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகள் நிறைந்தது அப்படித்தான். செங்கல் சூளைகள் இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். நீராவியால் வந்த கூட்டத்தால் அது தமிழர் ஊரானது.

ரயிலின் கொதிகலனுக்கு வேண்டிய நிலக்கரியும் நம் வட்டாரத்திலேயே கிடைத்தது. பத்து ஆராங்! பெயரே மலாயில் நிலக்கரி என்றுதான் பொருள். 1915இல் மலாயன் காலியரீஸ் கம்பெனி அங்கே வேலை தொடங்கியது. குவாங்கிலிருந்து கிளைப் பாதை போட்டார்கள். ரயிலும், சுரங்க இயந்திரங்களும், 1920களில் எழுந்த பங்சார் மின்நிலையமும் அந்தக் கரியைத் தின்றன. மின்நிலையம் என்றால் என்ன? பெரிய இட்டிலிப் பானைதான். கரி எரிகிறது, நீர் ஆவியாகிறது, ஆவி சக்கரத்தைச் சுழற்றுகிறது, பிறகு குளிர்ந்து மறுபடி நீராகிறது. கரி தோண்டியவர்களின் பாடு மட்டும் பானைக்குள் இருந்ததைவிடக் கொதிப்பு. 1937 மார்ச் மாதம் கூலி உயர்வும் நல்ல நிலைமையும் கேட்டுப் பத்து ஆராங்கில் நடந்த வேலைநிறுத்தம் இந்த நாட்டுத் தொழிலாளர் சரித்திரத்தில் முக்கியமானது. எண்ணெய் வந்து கரியின் இடத்தைப் பிடித்தது. ரயிலும் டீசலுக்கு மாறியது. 1960இல் சுரங்கத்தை மூடினார்கள்.

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் தண்ணீர் தானாக உறைவதில்லை. ஐஸ் இயந்திரம் வருவதற்கு முன்பு சென்னை வெள்ளைக்காரர்கள் ஐஸ் போட்டுக் குடித்தார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் போஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலில் அனுப்பினார். 1833 மே மாதம் புறப்பட்ட கப்பலில் 180 டன் இருந்தது. நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிச்சம்! ஒவ்வொரு கிராமும் உருக 80 கலோரி வேண்டும், மரத்தூளோ வெப்பத்தை உள்ளே விடாது, அதனால் தாக்குப்பிடித்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் கட்டிய டியூடரின் ஐஸ் ஹவுஸ் இன்றும் நிற்கிறது. 1897இல் சுவாமி விவேகானந்தர் சில நாள் தங்கியதால் இப்போது அது விவேகானந்தர் இல்லம். உள்ளூரிலேயே இயந்திரத்தால் ஐஸ் செய்யத் தொடங்கியதும் கப்பல் ஐஸ் வியாபாரம் கரைந்து போயிற்று.

கடைசியாக, தோட்டத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான் பாடம் நடத்த முடியாது. அவர்கள் எனக்கு நடத்துவார்கள்.

ரப்பர் பாலைக் கட்டியாக்குவதும் தண்ணீரை ஐஸாக்குவதும் ஒன்றா? பார்வைக்கு இரண்டுமே திரவம் திடமாவதுதான். ஆனால் ஒன்றல்ல. ஐஸை வெளியே வைத்தால் மறுபடி தண்ணீர். கட்டியான ரப்பரை எவ்வளவு காய்ச்சினாலும் பால் வராது; பிசுபிசுத்து, நாறி, கடைசியில் எரிந்து போகும். பால் என்பது ஒரே திரவம் அல்ல. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துளிகள் மிதக்கின்றன. நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். துளிகளைச் சுற்றிப் புரதப் படலமும் மின்னேற்றமும் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் நிற்கின்றன. ஆசிட்டை ஊற்றினால் அந்த மின்னேற்றம் போய்விடும். துளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தயிர் போலத் திரளும். வீட்டில் பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறதே, அந்த ஜாதி. உறைதல் வேறு, திரிதல் வேறு.

தென்னமெரிக்காவில் பாலைப் புகையில் காட்டிக் காட்டி உருண்டையாக்கினார்கள். ரப்பர் விதைகளை 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் வித்தையைச் சிங்கப்பூர்ப் பூங்காவில் ரிட்லி கண்டறிந்தார். பாலை ஆசிட் விட்டுச் சுத்தமாகக் கட்டியாக்கும் முறையை 1890களின் இறுதியில் இலங்கை பேராதனைப் பூங்காவில் ஜான் பார்க்கின் ஆராய்ந்தார். மரமும் கத்தியும் ஆசிட்டும் சேர்ந்த பிறகுதான் தோட்டம் தோட்டமாகக் காட்டை வெட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏற்றி நம்மவரைக் கொண்டுவந்தார்கள். சுங்கை சோ, குவாங், குண்டாங் என்று நம் பக்கத்துப் பெயர்களெல்லாம் அப்படித்தான் தமிழ்க் காதுக்குப் பழக்கமாயின.

இருட்டோடு பெரட்டுக்குப் போய் விடிவதற்குள் வெட்டத் தொடங்குவது ஏன்? அந்தக் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம்; பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விட்டுவிடும், அழுத்தம் குறையும், கோட்டிலேயே பால் கட்டிவிடும். ஆக, இலையில் நடக்கும் ஆவியாதலும் நம் பாட்டியின் தூக்கத்தைக் கெடுத்த காரணங்களில் ஒன்று! மழை பெய்தாலோ மங்கில் தண்ணீர் சேர்ந்து பால் கெட்டது. அன்றைய கூலியும் கெட்டது.

பால் ஸ்டோருக்கு வந்ததும் நிறுப்பார்கள். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசு. கெட்டிப் பாலில் கருவி ஆழ இறங்கும். தண்ணிப் பாலில் மேலே நிற்கும். "நான் ஒரு சொட்டு தண்ணி கலக்கல, ராத்திரி பேஞ்ச மழங்க" என்று கிராணியிடம் சொன்ன பெண்கள் எத்தனை பேர்! கருவிக்கு மழைத் தண்ணீரும் தெரியாது, வாளித் தண்ணீரும் தெரியாது. அதைப் பார்த்துக் கூலி எழுதிய மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, தொட்டியில் விட்டு, பார்மிக் ஆசிட் கலப்பார்கள். எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அதில் இருப்பதும் இந்த அமிலம்தான். அமிலத்தின் பெயரே லத்தீன் மொழியில் எறும்பிலிருந்து வந்தது. கை வெந்து போகாமல் கலக்கவேண்டும், அளவும் தப்பக்கூடாது. "கொஞ்சம் கூடுனா ஷீட்டு கல்லாயிரும், கொறஞ்சா கொழகொழன்னு நிக்கும்" என்பது ஸ்டோர் பாடம். தராசு பார்க்காமல் கை அளவாலேயே சரியாக ஊற்றியவர்கள் இருந்தார்கள். ஆசிட் கலவையை விகிதாசாரக் கணக்காக நாம் வகுப்பில் போடுகிறோம். அவர்கள் அதை வாளியில் போட்டார்கள். அதற்குப் பட்டம் கிடையாது, படி கிடையாது.

கட்டியை உருளையில் விட்டுத் தகடாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். அங்கேதான் உண்மையான நிலை மாற்றம்: தகட்டுக்குள் தங்கிய தண்ணீர், 40 முதல் 60 டிகிரிச் சூட்டில், கொதிக்காமலேயே நாலைந்து நாளில் ஆவியாகிறது. ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டும் என்பதில்லை. கயிற்றில் காயும் துணி போதும் சாட்சிக்கு. சூடு அதிகமானால் தகட்டில் கொப்புளம் கட்டும், தரம் இறங்கும். இரவெல்லாம் கண்விழித்து விறகைக் கூட்டியும் குறைத்தும் காத்தவர்கள் அந்தப் புகையையே மூச்சாக இழுத்தார்கள்.

இவ்வளவு செய்தாலும் பச்சை ரப்பர் அரைகுறைத் திடம்தான். ஸ்காட்லாந்தில் சார்லஸ் மெக்கின்டோஷ் 1823இல் ரப்பர் பூசிய மழைச்சட்டை செய்தார். வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய பிறகுதான் ரப்பர் வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே மாதிரி நின்றது. டயர் பிறந்தது, தோட்டங்களுக்குத் தேவை பிறந்தது.

1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றி, சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் போட்டது. 1965இல் தரம் குறித்த கட்டி ரப்பர் முறை வந்தது. தகடும் புகைக்கூடமும் மெல்லப் பின்வாங்கின. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. எஞ்சியிருந்த ஈயச் சுரங்கங்களும் மூடின, குழிகள் குளங்களாயின. லயங்கள் இருந்த பல இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. சிறுதோட்டங்களில் இப்போது பால் பெரும்பாலும் மங்கிலேயே தானாகக் கட்டியாக விடப்படுகிறது. சில நாள் கழித்து அந்தக் கட்டிப்பாலைச் சாக்கில் போட்டு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். ஆசிட் அளக்கும் கை அங்கே தேவைப்படுவதில்லை.